காற்று வடிகட்டியை மாற்றினால் வண்டி பறக்குமா?

மோட்டார் உதிரிபாகக் கடைகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். கடைக்காரர் இரண்டு காற்று வடிகட்டிகளை எடுத்து மேசைமேல் வைப்பார். ஒன்று, வண்டியோடு வந்த காகித வடிகட்டி. மற்றது, சிவப்புத் துணியும் கம்பி வலையுமாகப் பளபளக்கும் கூம்பு வடிகட்டி. "இதிலே வாயை வெச்சு ஊதிப் பாருங்க தம்பி" என்று முதலில் காகித வடிகட்டியை நீட்டுவார். சற்றுச் சிரமப்பட்டு ஊத வேண்டியிருக்கும். பிறகு கூம்பை நீட்டுவார். மூச்சு தடையின்றிப் போய்விடும். "உங்களுக்கே இவ்வளவு கஷ்டம்னா, எஞ்சினுக்கு எப்படி இருக்கும்?" என்பார். வியாபாரம் முடிந்தது.

கூம்பு வடிகட்டி மட்டுமல்ல. காற்றைச் சுழற்றி அனுப்புவதாகச் சொல்லப்படும் தகட்டு வளையம், முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து வரும் பளபளப்பான குழாய், பாட்டரியில் ஓடும் சிறு மின்விசிறி என்று எஞ்சினின் 'மூக்கில்' பொருத்தும் சாதனங்கள் பலவகை. எல்லாவற்றின் அட்டைப் பெட்டியிலும் ஒரே வாக்குறுதிதான்: இழுவை கூடும், மைலேஜும் கூடும். இவற்றை வாங்குகிறவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காகப் பணம் செலவழிப்பவர்கள் அல்லர். நாள் முழுதும் வாடகைக் கார் ஓட்டுகிறவரும், வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞரும் இருக்கிறார்கள். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தால் மாதக் கடைசியில் கையில் ஏதாவது நிற்குமே என்ற கணக்கு அவர்களுடையது. ஆகவே அந்த வாக்குறுதி உண்மைதானா என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

முதலில் கடைக்காரரின் சோதனையையே எடுத்துக்கொள்வோம். அவர் காட்டியது பொய்யன்று. கூம்பில் தடை குறைவு என்பது உண்மை. எவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி.

நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரமுள்ள நீர்க்கம்பத்தைத் தாங்கி நிறுத்தக்கூடியது. மேலே வைத்த பம்பினால் மிக ஆழமான கிணற்றிலிருந்து நீரை உறிஞ்ச முடியாமல் போவது இதனால்தான். மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறோம். எஞ்சினும் ஒருவகைப் பம்புதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள 10 மீட்டர் அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. எஞ்சின் காற்றை 'இழுக்கிறது' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் தள்ளுவது வளிமண்டலம்.

1,200 க.செ.மீ. கொள்ளளவுள்ள ஒரு சிறிய காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அதன் வழியே வினாடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்று ஓடும். அத்தனை காற்று ஓடும்போதும், சுத்தமான காகித வடிகட்டியில் ஏற்படும் அழுத்த இழப்பு பொதுவாக ஒரு சாண் நீர்க்கம்பத்துக்குள் அடங்கிவிடும். அதாவது இளநீர்க் கடையில் குழல் வைத்து உறிஞ்சுகிறோமே, அந்தக் குழலில் நீர் ஏறும் உயரம்தான். நம் வாய்க்கு அது பெரிய தடையாகத் தெரியும். கன்னத்துத் தசைகளுக்குச் சில செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் உடனே புரிந்துவிடும். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் நிற்பது 10 மீட்டர். 10 மீட்டரில் ஒரு சாண் என்பது நூற்றில் இரண்டு பங்கு. அந்தத் தடையை அடியோடு நீக்கிவிட்டாலும், அதாவது வடிகட்டியே இல்லாமல் ஓட்டினாலும், கிடைக்கக்கூடிய மிகப் பெரிய லாபம் ஏறத்தாழ அவ்வளவுதான். கூம்பு வடிகட்டி அதில் ஒரு பகுதியைத்தான் மீட்டுத் தரும்.

சரி, நூற்றுக்கு இரண்டாவது கிடைக்குமே என்று கேட்கலாம். முழு வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியிருந்தால் கிடைக்கும். 8 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் சைக்கிளில் நூற்றுக்கு இரண்டு என்றால் 0.16 குதிரைத்திறன். இருவர் ஏறிக்கொண்டு கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டியும் ஆட்களுமாக 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர் மடியிலுள்ள 5 கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். அதற்குச் செலவு கிடையாது.

ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறக்காத நேரத்தில் நிலைமை என்ன? நகரத்தில் ஓட்டுகிறவர் பெரும்பாலான நேரம் அப்படித்தானே ஓட்டுகிறார்! இங்கேதான் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் முக்கியமான செய்தி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே காற்றை அடைப்பதன் மூலம்தான். காற்றுக் குழாயின் நடுவே திராட்டில் என்ற தட்டு ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தத் தட்டு வழியை ஏறக்குறைய மூடிவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டுக்கு அப்பாலுள்ள அழுத்தம் வெளியிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீர்க்கம்பக் கணக்கில் சொன்னால் 6 அல்லது 7 மீட்டர் தடையை ஓட்டுநரே தம் காலால் போட்டு வைத்திருக்கிறார்! அதே வேளையில் குறைந்த காற்றே ஓடுவதால் வடிகட்டியின் தடை ஒரு செ.மீ. அளவுக்கும் கீழே இறங்கிவிடும். தலைவாசல் கதவை முக்கால்வாசி மூடி வைத்துக்கொண்டு, தெருக்கோடி வாயிலை அகலப்படுத்தினால் வீட்டுக்குள் கூட்டம் அதிகமாக நுழைந்துவிடுமா? தடை சிறிது குறைந்தால் அதே வேகத்துக்கு ஓட்டுநர் திராட்டிலை மயிரிழை கூடுதலாக மூடிக்கொள்வார். உள்ளே போகும் காற்றும் அதேதான், பெட்ரோலும் அதேதான்.

இது ஏட்டுக் கணக்கோ என்று ஐயுற வேண்டாம். அமெரிக்காவிலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைக் கார்களை வைத்தே சோதித்தது. புது வடிகட்டி போட்டும், வேண்டுமென்றே நன்றாக அடைக்கப்பட்ட வடிகட்டி போட்டும் உருளைமேடையில் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் கார்களில் வடிகட்டி அடைத்திருந்தபோதும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரின் தகவலைக் கொண்டு, வருகிற காற்றுக்கு ஏற்றாற்போல் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் குறைத்துக்கொள்கிறது. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் வேகம் எடுப்பதில், அதாவது நாம் 'பிக்கப்' என்று சொல்வதில், அடைத்த வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியது போட்டபோது 6 முதல் 11 விழுக்காடு வரை முன்னேற்றம் தெரிந்தது. பழைய கார்புரேட்டர் காரில் செய்த சோதனையில் மைலேஜும் 2 முதல் 6 விழுக்காடு கூடியது. வண்டி ஓடவே திணறும் அளவுக்கு அடைத்திருந்தால் இது 14 வரை போனது.

இந்த எண்களைச் சாதன வியாபாரிகள் தமக்குச் சாதகமாக எடுத்துப் பேசக்கூடும். கவனித்துப் பாருங்கள்: இவையெல்லாம் அழுக்கு வடிகட்டிக்கும் சாதாரணப் புது வடிகட்டிக்கும் உள்ள வேறுபாடு. சாதாரணப் புதியதற்கும் விலை உயர்ந்த கூம்புக்கும் உள்ள வேறுபாடு அன்று. முழுக்க அடைத்துக்கொண்ட வடிகட்டியே இக்காலக் காரின் மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், சுத்தமான வடிகட்டியை எடுத்துவிட்டு இன்னும் தாராளமான ஒன்றைப் போடுவதால் மைலேஜ் எங்கிருந்து கூடும்?

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின் இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலானவை பெட்ரோல் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. ஆயினும் கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. கூம்பு வடிகட்டி அதிகம் விலைபோவதும் அவற்றுக்குத்தான். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கார்புரேட்டரின் ஜெட் துளை, வண்டியோடு வந்த வடிகட்டிப் பெட்டியின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டே அமைக்கப்பட்டது. பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பை மாட்டினால் காற்று கூடுகிறது, பெட்ரோல் அதற்கேற்பக் கூடுவதில்லை. கலவை மெலிந்துவிடும். எஞ்சின் சூடேறும், ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், இடையில் திக்கும். மெக்கானிக்கிடம் போனால் பெரிய ஜெட் போட்டுத் தருவார். வண்டி சீராகிவிடும், பெட்ரோல் செலவும் கூடிவிடும். மைலேஜுக்காக வாங்கிய பொருளை வேலை செய்ய வைப்பதற்கு மைலேஜையே காணிக்கையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"இல்லை ஐயா, போட்டதும் வண்டி சீறிக்கொண்டு போகிறது, நானே ஓட்டிப் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கேட்டது சத்தம். வடிகட்டி இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி வெறும் கூடு அன்று. எஞ்சின் விட்டுவிட்டு உறிஞ்சுவதால் எழும் முழக்கத்தை அடக்கும் வேலையும் அதற்கு உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலி எழும் அல்லவா? அதே தத்துவத்தைத் திருப்பிப் பயன்படுத்தி, பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் அமைக்கிறார்கள். அந்த அளவுகள் நடுத்தர வேகத்தில் இழுவைக்கும் உதவுகின்றன. பெட்டியை எடுத்துவிட்டால் உறுமல் வெளியே வருகிறது. உறுமல் கேட்டால் வேகம் கூடியதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் சில வண்டிகளில் நடுத்தர வேக இழுவை குறைந்தே போயிருக்கும்.

குளிர்காற்றுக் குழாயின் கதை வேறு. இதன் அடிப்படையில் குற்றமில்லை. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். சுமார் 3 டிகிரி செல்சியசுக்கு ஒரு விழுக்காடு. அடர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம், ஆகவே திறனும் அதிகம். ஆனால் இந்த உண்மை வண்டியை வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். உங்கள் காரின் முன்மூடியைத் திறந்து, வடிகட்டிப் பெட்டியிலிருந்து போகும் குழாயைத் தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு முன்னாலோ மட்கார்டுக்குள்ளோ போய்த்தான் முடியும். குளிர்காற்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது! அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் அறைக்குள்ளேயே கூம்பை நிறுத்தினால் என்னவாகும்? சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி. நெரிசலில் நிற்கும்போது முன்மூடிக்குள் 70 டிகிரி என்றால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிடும். தடையை நீக்கிச் சம்பாதித்த இரண்டைச் சூட்டில் ஒன்பதாக இழக்கிறோம். மைலேஜுக்கும் குளிர்காற்றுக்கும் தொடர்பு கற்பிப்பது அதைவிட வேடிக்கை. பழைய கார்புரேட்டர் கார்கள் சிலவற்றில், குளிர்காலத்தில் பெட்ரோல் நன்றாக ஆவியாவதற்காகப் புகைக்குழாயருகே சூடான காற்றை எடுத்து உள்ளே அனுப்ப ஏற்பாடே செய்திருந்தார்கள்.

முன்பக்கம் வாய் திறந்த குழாய் வைத்தால் எதிர்க்காற்றே எஞ்சினுக்குள் அழுத்திப் புகும் என்ற வாதமும் உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமும் கிடைத்தாலும் அது ஒன்றரை செ.மீ. நீர்க்கம்பத்துக்குச் சற்றே மேல். 100 கி.மீ. வேகத்தில் நாலரை செ.மீ. 300 கி.மீ. வேகத்தில்தான் 40 செ.மீ., அதாவது நூற்றுக்கு நான்கு என்ற அளவை எட்டும். வேகம் மூன்று மடங்கானால் இந்த அழுத்தம் ஒன்பது மடங்காகும் என்பது கணக்கு. கவாசாகி நிறுவனம் 1990-இல் வெளியிட்ட இசட்.இசட்.ஆர்.-1100 போன்ற அதிவேக மோட்டார் சைக்கிள்களில் இந்த ஏற்பாடு இருந்ததற்குக் காரணம் அதுதான். நம் சாலையில் 50-இல் போகும் வண்டிக்கு அது அலங்காரம்.

சுழல் வளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் எழும் சுழற்சி வழியிலுள்ள திராட்டில் தட்டு, வளைவுகள், வால்வு ஆகியவற்றைத் தாண்டுவதற்குள் கலைந்துவிடும். அது காற்றுக்கு இன்னொரு தடை, அவ்வளவே. பெட்ரோல் முழுமையாக எரிய உதவும் என்கிறார்கள். சூடேறிய பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் 95 முதல் 98 விழுக்காடு ஏற்கெனவே எரிந்து வெளிப்பட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது இரண்டோ ஐந்தோ. அதிலிருந்து 25 விழுக்காடு மைலேஜை எப்படி எடுப்பது? அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் 2005-இல் இத்தகைய சாதனங்களைச் சோதித்தபோது, சுழல் தகடுகள் எஞ்சினின் உச்சத் திறனைக் குறைத்ததாகத்தான் கண்டது.

மின்விசிறி இன்னும் வெளிப்படை. வினாடிக்கு 60 லிட்டர் காற்றை நூற்றுக்கு இருபது பங்கு கூடுதல் அழுத்தத்தில் அனுப்ப ஏறக்குறைய 2,000 வாட் வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் அது 160 ஆம்பியருக்கு மேல். சிறிய காரின் ஆல்டர்னேட்டரே அவ்வளவு தராது. கடையில் விற்கும் விசிறியோ ஒரு ஹெட்லைட் பல்பு அளவு மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரத்தால் காற்றை அழுத்தவே முடியாது என்பதில்லை. 2016-இல் வந்த ஆடி எஸ்.க்யூ.-7 காரில் அப்படி ஒரு கருவி உண்டு. அதற்காக 48 வோல்ட் மின்சுற்றைத் தனியே அமைத்தார்கள். கருவி எடுக்கும் மின்திறன் 7,000 வாட் வரை.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எரிபொருள் சேமிப்பதாகச் சொல்லப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. காற்று வழியில் பொருத்தும் சாதனங்கள் அவற்றில் பல. மிகச் சிலவே ஏதோ சிறிது பலன் தந்தன. அவற்றிலும் சில புகை நச்சைக் கூட்டின.

இதுவரை சொன்னது, போட்ட பணம் வீண் என்ற அளவில் நின்றது. வடிகட்டி விஷயத்தில் நட்டம் அதோடு நிற்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஒரு மனிதர் ஒரு நாள் முழுதும் சுவாசிக்கும் காற்றுக்கு ஏறத்தாழ இது சமம். உணவு கொண்டு செல்லும் இளைஞரின் வண்டி நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 18,000 லிட்டர் காற்று, நம் தெருப் புழுதியோடு, அந்த வடிகட்டி வழியே போகிறது. காகிதம் நூற்றில் 99 பங்கு தூசியை நிறுத்துகிறது என்றும், ஒரு மலிவான கூம்பு 97 பங்கு நிறுத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பங்குதானே வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே போவதைக் கணக்கிடுங்கள்: முன்பு ஒன்று, இப்போது மூன்று. எஞ்சினுக்குள் புகும் தூசி மும்மடங்கு! தூசியிலுள்ள சிலிக்கா வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. சில மைக்ரான் அளவுள்ள துகள்கள் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே புகுந்து அரம்போல் அராவும். இதன் விளைவு உடனே தெரியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும், நீலப்புகை வரும், மெக்கானிக் 'ரீபோர்' செய்ய வேண்டும் என்பார். அப்போது யாரும் அந்தச் சிவப்புக் கூம்பை நினைப்பதில்லை.

நல்ல தயாரிப்பான எண்ணெய்த்துணி வடிகட்டிகளும் உண்டு. அவற்றை முறையாகக் கழுவி, அளவாக எண்ணெய் பூசிப் பயன்படுத்தினால் கேடில்லை. எண்ணெய் மிகுந்தால் அது காற்றோடு போய் காற்றளவு காட்டும் சென்சாரின் கம்பியில் படிந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 5011 என்பது வடிகட்டிகளைச் சோதிக்கும் உலக அளவிலான முறை. அந்த முறையில் எத்தனை விழுக்காடு தூசியை நிறுத்தியது என்ற எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். பெயரில்லாத அட்டைப் பெட்டியில் அந்த எண் இருக்காது. குதிரைத்திறன் எண் மட்டும் பெரிதாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு நூற்றுக்கு இரண்டு என்பது வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள இடைவெளி. அங்கே ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் முழுக்கத் திறந்தே இருக்கும், தடம் புழுதியற்றது, எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கூம்பு பொருத்தமான பொருள்தான்.

மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைக்காரரின் ஊதும் சோதனையை அடியோடு தள்ளிவிட வேண்டாம். உங்கள் வண்டியிலுள்ள பழைய காகித வடிகட்டியைக் கழற்றிக் கொண்டுபோய், அதே தயாரிப்பில் புதிய காகித வடிகட்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேவையானால் சுத்தமான பக்கத்திலிருந்து ஊதியும் பாருங்கள். பழையதில் வெளிச்சம் ஊடுருவாமல், மூச்சும் முட்டினால் புதியதை வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயால் பழையதை அடித்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். அந்த வேகத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்து, தூசிக்கு நேர்வழி திறந்துவிடும்.